1008 கழஞ்சு: அரங்கேற்று காதையில் ஒரு தொழிற்கணக்கு

சிலப்பதிகாரத்தின் மூன்றாவது காதையை நம்மில் பலர் புரட்டித் தள்ளிவிட்டுப் போய்விடுவது வழக்கம். முதல் காதையில் கல்யாணம், இரண்டாவதில் புதுக்குடித்தனம், இனிமேல் கதை வேகம் எடுக்கும் என்று பார்த்தால், இளங்கோவடிகள் நம்மை உட்காரவைத்து ஆடலாசான் யார், இசையாசான் யார், குழலோன் யார், மேடைக்கு எத்தனை கோல் அகலம் என்று கணக்குச் சொல்ல ஆரம்பிக்கிறார். கல்லூரியில் படித்தவர்களைக் கேட்டால், "அது பரீட்சைக்கு வராது சார்" என்கிறார்கள். அதே காதை இசை ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புதையல். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டபோதும், விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூல் வெளியிட்டபோதும் இந்தக் காதையைத்தான் தோண்டினார்கள். யாழாசிரியன் அமைதி சொல்லும் சில வரிகளுக்குள்ளிருந்தே ஒரு பெரும் நூலை எடுத்தார் அடிகள். அடியார்க்கு நல்லார் உரை இல்லாவிட்டால் இவர்கள் யாருக்கும் வழி தெரிந்திருக்காது.

அடியேன் இசை அறிந்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்து நயினார் வீட்டில் பிறந்து, பெங்களூர் சிக்பேட்டையில் நாற்பது வருஷத்துக்குமேல் திரைச்சீலைத் துணி விற்றவன். கடையில் ஆள் வராத மத்தியான வேளைகளில் படித்ததுதான் என் படிப்பு. அந்த வியாபாரிக் கண்ணோடு பார்த்தால் இந்தக் காதை வேறொன்றாகத் தெரிகிறது. ஒரு கலைநிகழ்ச்சியை எடுத்து நடத்துவதற்கு எந்தெந்த ஆள் வேண்டும், அவனவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும், ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், இடம் எப்படி இருக்க வேண்டும், கூலி என்ன என்று எழுதிவைத்த தொழிற்கணக்கு இது. தண்ணுமைக்காரனைச் சொல்லுமிடத்தில் 'தொழில்' என்ற சொல்லையே அடிகள் போடுகிறார். ஆராய்ச்சிக்காரர்கள் சுருதிக் கணக்கில் மூழ்கி, இந்தத் தொழில் முறையைக் கவனியாமல் விட்டுவிட்டார்கள் என்பது என் குறை. இன்றைக்குச் சினிமாவும் சீரியலும் விளம்பரப் படமும் நடக்கிற விதத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்திகளைப் படிக்கும்போது, இந்தக் காதையைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஆட்கள். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமை ஆசான், குழலோன், யாழாசான் என்று ஆறு பேர். இவர்கள் தத்தம் கலையில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். கவனிக்க வேண்டியது வேறு. இசையாசானுக்குச் சொல்லப்பட்ட தகுதிகளில் ஒன்று, கவிஞன் என்ன நினைத்து எழுதினான் என்று அறிவது. உடனே அடுத்து வருகிற கவிஞனுக்குச் சொல்லப்பட்ட தகுதிகளில் ஒன்று, இசைக்காரன் என்ன நினைத்து மெட்டமைத்தான் என்று அறிவது. எவ்வளவு நுட்பம் பாருங்கள்! ஒருவன் வேலையை மற்றவன் தெரிந்துவைத்திருப்பது தயவு தாட்சண்யம் அல்ல, அது அவனுடைய தகுதியிலேயே சேர்ந்தது. நம் நாட்டுச் சட்டம் இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க 2012 வரை ஆயிற்று. அந்த வருஷம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று யாரும் பறித்துக்கொள்ள முடியாது என்று வந்தது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர் ஜாவேத் அக்தர். அதற்கு முன் ஒரே கையெழுத்தில் ஆயுள் உழைப்பும் போய்விடும்.

தண்ணுமைக்காரன் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவன் தாள நுட்பம் எல்லாம் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டபிறகு, அடிகள் அவனுடைய நடத்தையைச் சொல்கிறார். யாழிலும் குழலிலும் மிடற்றுப் பாட்டிலும் எங்கே குறை விழுகிறதோ அங்கே அவன் நிரப்ப வேண்டும். எங்கே மிகுதியாகப் போகிறதோ அங்கே அடக்க வேண்டும். இப்படி நிரப்புவதிலும் அடக்குவதிலும் அவனுடைய கைத்திறன் அளவு மீறித் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. நான்கு பேர் சேர்ந்து செய்யும் எந்த வேலைக்கும் இதைவிட நல்ல நடைமுறையை நான் எங்கும் படித்ததில்லை. பக்கத்து ஆள் தடுமாறினால் கைகொடு, ஆனால் கைகொடுத்ததை ஊருக்குக் காட்டாதே. பின்னால் மேடையில் நிகழ்ச்சி நடக்கும்போதும் குழலின் வழியே யாழ் போகிறது, யாழின் வழியே தண்ணுமை போகிறது, அதன் பின்னே முழவு என்று ஒருவர்பின் ஒருவராக நிற்கிறார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்றைக்குப் படப்பிடிப்புத் தளங்களில் கைகொடுக்கிற ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்களால்தான் தொழிலே ஓடுகிறது. உதவி இயக்குநர், தயாரிப்பு நிர்வாகி, ஒப்பனை உதவியாளர், விளக்குத் தூக்குகிற லைட்மேன் என்று கோடம்பாக்கத்திலும் காந்தி நகரிலும் ஆயிரக்கணக்கான பேர். இவர்களுடைய அன்றாடப் பாட்டை நாவலாக எழுதியவர் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் அவர். 'கரைந்த நிழல்கள்' படித்தவர்களுக்குத் தெரியும், அதில் நட்சத்திரங்கள் ஓரத்தில்தான் வருவார்கள். நடுவில் நிற்பவன் வண்டி ஏற்பாடு செய்கிறவன், சாப்பாட்டுக்குச் சொல்கிறவன், பணம் வரவில்லையென்றால் எல்லோருக்கும் பதில் சொல்கிறவன். படம் நின்றுபோனால் முதலில் தெருவுக்கு வருகிறவனும் அவன்தான்.

இனி இடம். மேடையை அளக்கும் கோலுக்கு நீளம் பெருவிரல் அளவில் இருபத்துநான்கு. அந்தக் கோலால் மேடை அகலம் 7, நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1, மேடைக்கும் மேல்விதானத்துக்கும் நடுவே 4. போகவும் வரவும் இரண்டு வாசல். தூண்களின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும். திரைச்சீலை மூன்று வகை: ஒருபக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருவது, மேலிருந்து மறைவாக இறங்குவது. என் வியாபாரத்தை அடிகள் இவ்வளவு மதித்து எழுதியிருக்கிறாரே என்று முதல் தடவை படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. மூன்றாவது வகைத் திரைக்கு எடை கூடுதலான துணி வேண்டும், இல்லாவிட்டால் நேராக இறங்காது. இதை எந்த உரைகாரரும் சொல்லவில்லை, என் அனுபவத்தில் சொல்கிறேன்.

நிற்க. இரண்டு வாசல் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மைசூர் ஞாபகம் வரும். 1989 பிப்ரவரி 8ஆம் தேதி, மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் தூர்தர்ஷனுக்காகத் திப்பு சுல்தான் தொடர் எடுத்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். மின்கம்பிகள் சரியாகப் பொருத்தப்படவில்லை, காற்றுப்போக வழியில்லை, தீப்பிடிக்காத பொருளுக்குப் பதில் சுவர்களில் கோணிச் சாக்கு, போதாததற்குப் பெரிய பெரிய விளக்குகளின் சூடு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கர்நாடகத்தில் இருந்த நம்மவர்கள் பலருக்கு அந்த வாரத்துச் செய்தித்தாள் மறக்காது. சாக்கு மலிவு, அதனால் சாக்கு. வியாபாரிக்குத் தெரிந்த கணக்குத்தான் இது. ஆனால் எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்று தெரியாதவன் வியாபாரி அல்லன்.

முப்பத்தொரு வருஷம் கழித்து, 2020 பிப்ரவரி 19ஆம் தேதி இரவு, சென்னை பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஸ்டுடியோவில் 'இந்தியன் 2' படத்துக்காக வேலை நடந்தபோது, கனமான விளக்கைத் தாங்கிய கிரேன் சாய்ந்து விழுந்தது. மூன்று பேர் போனார்கள். அதற்குப் பிறகு அறிக்கைகள், கடிதங்கள், காப்பீடு பற்றிய பேச்சு. அடிகளின் காலத்தில் விளக்கு எங்கே வைப்பது என்பது தூண்நிழலுக்காகப் பார்த்த கணக்கு. அதாவது பார்க்கிறவனுக்காக. விளக்குக்குக் கீழே நிற்கிறவனுக்காக ஒரு வரி அந்தக் காதையில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்ணெய் விளக்கு தலையில் விழுந்தால் கொப்புளம், கிரேன் விழுந்தால் உயிர்.

குறை என்று எடுத்துக்கொண்டபிறகு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆசான்களுக்கும் அத்தனை வரி ஒதுக்கிய அடிகள், ஒருவர் பெயரையும் சொல்லவில்லை! ஆடலாசான் என்ன பேர்? தெரியாது. யாழ் மீட்டியவர் எந்த ஊர்? தெரியாது. மாதவிக்குப் பெயரும் உண்டு, தலைக்கோல் பட்டமும் உண்டு. காப்பியத்தில் அப்படித்தான் இருக்கும், அது இலக்கணம் சொல்லும் பகுதி என்று புலவர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்குத் திருப்தி இல்லை. கோவலனோடு நடந்து வந்த கவுந்தியடிகளுக்குப் பெயர் உண்டு, ஆய்ச்சி மாதரிக்குப் பெயர் உண்டு. அரங்கேற்றிய ஆசானுக்கு மட்டும் ஏன் இல்லை?

இதற்கு நேர் மாறாக ஓர் ஆவணம் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் வெட்டுவித்தது. தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எல்லாம் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்கிறவருக்கு இரண்டு பங்கு. ஒருவர் இறந்துபோனால், அவருக்கு அடுத்த உறவினர் தகுதியுள்ளவராக இருந்தால் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்யலாம், தகுதி இல்லாவிட்டால் தகுதியான வேறொருவரை நிறுத்தலாம் என்று அதற்கும் ஏற்பாடு. இப்படி ஒரு சம்பளப் பட்டியலைக் கல்லில் பார்த்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் கையெடுத்துக் கும்பிடுவான். அந்தப் பெண்களில் எத்தனை பேர் விருப்பப்பட்டுத் தஞ்சாவூர் வந்தார்கள், எத்தனை பேர் அரசாணைக்காக ஊரை விட்டு வந்தார்கள் என்பது கல்வெட்டில் இல்லை. அது வேறு கேள்வி. ஆனால் பேர் இருக்கிறது.

பேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹிந்திப் பட உலகம் நல்ல சாட்சி. 1949இல் 'மஹல்' படம் வந்தபோது, நாடே முணுமுணுத்த பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் பேராக அச்சிடப்பட்டது 'காமினி'. அது கதையில் வரும் பெண்ணின் பேர். பாடியவர் லதா மங்கேஷ்கர். பிலிம்பேர் விருதுகளில் பின்னணிப் பாடகருக்கென்று ஒரு விருது வைக்கவும் அவர் வாதாட வேண்டியிருந்தது. எழுத்தாளர்கள் பாடு இன்னும் மோசம். 1973இல் 'ஜஞ்சீர்' வந்தபோது சுவரொட்டியில் எழுதியவர்கள் பேர் இல்லை. சலீம்-ஜாவேத் இருவரும் ஆள்வைத்துப் பம்பாய்ச் சுவர்களில் ஒட்டிய போஸ்டர்களின்மேல் தங்கள் பேரைப் பெயின்ட் அடித்தார்கள் என்று அவர்களே பலதடவை சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பான கதைதான். ஆனால் தன் உழைப்பின்மேல் தன் பேரைத் தானே ராத்திரியில் அடிக்க வேண்டியிருந்தது என்றால், அந்தத் தொழிலில் கணக்கு சரியில்லை என்று அர்த்தம்.

நம்மவரிடத்தில் நல்ல முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதிலுள்ள சைன சமயச் செய்திகள் புரியாமல் கும்பகோணத்துச் சைனர்களிடம் போய்க் கேட்டார். சந்திரநாத செட்டியார் முதலானவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஐயர் அதை மறைக்கவில்லை. பெயர் சொல்லி, என்ன உதவி என்று சொல்லி, தம் சரித்திரத்திலும் எழுதிவைத்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? எங்கள் வீடுகளில் ஐயர் பேரை இன்றைக்கும் மரியாதையோடு சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். (இளங்கோ சைனரா என்ற வழக்கை இங்கே அவிழ்க்க மாட்டேன். அதற்கு இந்த மலர் பத்தாது.)

அடுத்து காசு. மாதவி ஆடி முடித்ததும் அரசன் தந்தது பச்சை மாலை, தலைக்கோல் பட்டம், 1008 கழஞ்சு பொன். கழஞ்சு ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோ தங்கம். தொகை பெரிது என்பதைவிட, அது 'விதிமுறை'ப்படி தரப்பட்டது என்று அடிகள் சொல்வதுதான் முக்கியம். ராஜா சந்தோஷப்பட்டுக் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது அல்ல. தலையரங்கு ஏறினவளுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே நிச்சயம். வேலை முடிந்தது, கூலி கைக்கு வந்தது.

இன்றைய நிலை என்ன? ஹிந்தித் தொலைக்காட்சித் தொடர்களில், வேலை செய்து 90 நாள் கழித்துத்தான் சம்பளம் என்பது வெகுகாலமாக ஊறிப்போன வழக்கம். 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோதுதான், மார்ச்சில் வேலை செய்தவர்கள் டிசம்பர்ச் சம்பளத்துக்கே காத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியாருக்குத் தெரிந்தது. 90 நாள் கடன் என்பது எங்கள் துணிக் கடைத்தெருவிலும் உண்டு. ஆனால் அது கடைக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் நடுவில். கடைப் பையனுக்கு மாசச் சம்பளத்தை 90 நாள் கழித்துக் கொடுத்தால் அவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? என் கடையில் ஒரு தொடர் கம்பெனிக்கு வெல்வெட்டும் சாட்டினும் ஏற்றிவிட்டு ரூ. 38,000 பாக்கிக்காக ஒன்றரை வருஷம் அலைந்தேன். பேர் வேண்டாம். எனக்கு அது நஷ்டக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் துணி எடுக்க வந்த கலை உதவியாளர் தம்பி, முன்பணமாகத் தன் கைக்காசு 4,000 கொடுத்திருந்தார். அவருக்கும் வரவில்லை. என் பாக்கியைக் கேட்டுப் போனபோதெல்லாம் அவர் என் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டதுதான் எனக்கு வருத்தம். ஏமாற்றியவன் குளிர் அறையில் இருக்கிறான், ஏமாந்தவன் வெட்கப்படுகிறான்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவரை இப்படித்தான். சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1981இல் சினிமாத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று மத்திய அரசு கொண்டுவந்தது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, அந்த ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும் என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் சினிமாத் தொழிலாளி என்று விளக்கம் சொல்லுமிடத்தில், மாதம் ரூ. 1,600, மொத்தமாகப் பேசினால் ரூ. 15,000, இதற்கு மேல் வாங்காதவர் என்று ஒரு வரம்பு போட்டார்கள். விலைவாசி ஏற ஏற இப்படிப்பட்ட வரம்பு என்னவாகும் என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். இப்போது அந்தச் சட்டம் 2020ஆம் வருஷத்துத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது, அது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. சினிமாவோடு தொலைக்காட்சி முதலான ஒலி-ஒளித் தொழிலாளர் எல்லோரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். எழுத்துமூல ஒப்பந்தம் அதிலும் உண்டு. நடைமுறையில் எத்தனை பேர் கையில் அந்தக் காகிதம் இருக்கப்போகிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

மாதவியின் வயசையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி, ஏழு வருஷம் பயின்று, பன்னிரண்டில் மேடை ஏறுகிறாள். இன்றைக்குத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற குழந்தைகளும் அதே வயசுதான். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அடுத்த வருஷம் வந்த விதிகளும் இதற்குக் கணக்குப் போட்டிருக்கின்றன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர், வருமானத்தில் 20 சதவீதம் குழந்தை பேரில் வங்கியில் போட வேண்டும். அந்த 20 சதவீத விதி எனக்குப் பிடித்திருக்கிறது. மீதி 80 எங்கே போகிறது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

அரசன் 1008 கழஞ்சு கொடுத்தான் என்று சொன்ன கையோடு, மூச்சு விடாமல், அடிகள் இன்னொரு 1008ஐச் சொல்கிறார். மாதவிக்குக் கிடைத்த அந்த மாலையை ஒரு கூனியின் கையில் கொடுத்து, ஊர்ப் பணக்கார இளைஞர்கள் உலாவும் தெருவில் நிறுத்துகிறார்கள். இந்த மாலைக்கு விலை 1008 கழஞ்சு, வாங்குகிறவன் எங்கள் பெண்ணுக்கு மணாளன் ஆகலாம் என்கிறாள் கூனி. கோவலன் வாங்கினான், கூனியோடு போனான், வீடு மறந்தான்.

இந்த இரண்டு தொகையும் ஒன்றாக இருப்பது ஏதோ செய்யுள் வசதிக்காக என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்துக் கணிகையர் மரபு அப்படி, அதில் கவிஞர் கருத்து ஒன்றும் இல்லை என்பவர்களும் உண்டு. நான் ஒப்பவில்லை. கோலுக்கு எத்தனை விரல் என்றுகூடக் கணக்குப் பார்க்கிற ஆள், இரண்டு தொகையைச் சும்மா ஒன்றாகப் போடுவாரா? கலைக்கு அரசு வைத்த விலை 1008. அதே கலைஞரின் உடம்புக்குத் தெரு வைத்த விலையும் 1008. விருதாக வந்த மாலையே விலைச்சீட்டாக மாறிவிட்டது. ஏழு வருஷப் படிப்பும், ஆறு ஆசான்களும், மூன்று திரையும், அத்தனை இலக்கணமும் எதற்கு என்றால், தெருவில் சொல்ல ஒரு விலை கிடைப்பதற்கு. இதை அடிகள் ஒரு சொல்லாலும் கண்டிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் வரவுக்கு எதிரே செலவு எழுதுவது மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகிறார். காப்பியம் முழுக்க நடக்கும் கேடு இந்த வரவு செலவில்தான் ஆரம்பிக்கிறது.

கேரளத்தில் நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கூனிதான் கண்முன் வந்தாள். 2017 பிப்ரவரியில் ஒரு நடிகையைக் காரில் வைத்துத் துன்புறுத்திய கொடுமை நடந்தது. அதன்பின் மலையாளப் படவுலகப் பெண்கள் சிலர் சேர்ந்து ஓர் அமைப்பாகி முதலமைச்சரிடம் முறையிட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா, நடிகை சாரதா, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வத்சலகுமாரி ஆகிய மூவர் குழு அமைந்தது. 2019 டிசம்பர் 31இல் அறிக்கை கொடுத்தார்கள். அது வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19, அதுவும் பல பக்கங்களை மறைத்துக்கொண்டு. நாலரை வருஷத்துக்கு மேல் ஓர் அலமாரியில் கிடந்தது. வெளிவந்த எட்டாம் நாள் நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழு முழுக்க ராஜினாமா செய்தது.

பத்திரிகைகள் பெரிய பேர்களைத் தேடின. நான் சின்ன விஷயங்களைப் பார்த்தேன். படப்பிடிப்பு இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற மறைவிடம் இல்லை. அதனால் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க இருந்து நோய் வாங்கிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் இல்லை. துணை நடிகர்களுக்குத் தரும் கூலியில் நடுவில் ஆள் சேர்ப்பவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். வாய்ப்புக் கேட்டு வரும் பெண்ணிடம் முதலில் பேசுகிறவர் நடுவில் நிற்கிற ஆள்தான். அவர் சொல்கிற இரண்டு வார்த்தைகளை அறிக்கை எடுத்துச் சொல்கிறது: 'அட்ஜஸ்ட்மென்ட்', 'காம்ப்ரமைஸ்'. இரண்டும் எங்கள் கடைத்தெரு வார்த்தைகள். விலை படியாதபோது சொல்வது. ஒரு பெண்ணிடம், அவள் கற்ற கலைக்கு வேலை கேட்கும் இடத்தில் இந்த வார்த்தையைச் சொன்னால், கூனி கையில் மாலை ஏறிவிட்டது என்று பொருள்.

கூனியை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை என்பதும் இளங்கோ வைத்திருக்கிற கணக்கில் இருக்கிறது. அவள் மாலையைத் தன் இஷ்டத்துக்கு எடுத்து வரவில்லை. கொடுத்தனுப்பியவர்கள் இருக்கிறார்கள், விலை கொடுக்கிறவர்கள் தெரு நிறைய உலாவுகிறார்கள். அரசன் கொடுத்த மாலை இரண்டு தெரு தள்ளி விற்பனைக்கு நிற்பது அரசனுக்குத் தெரியாது என்று யாராவது நம்புவார்களா? 1997இல் விசாகா தீர்ப்பும் 2013இல் பணியிடச் சட்டமும் வந்தபிறகும், படப்பிடிப்புக் குழுவும் ஒரு பணியிடம்தான், அங்கேயும் புகார்க் குழு வைக்க வேண்டும் என்று சொல்ல 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது. அதுவும் அந்தப் பெண்கள் அமைப்பு 2018இலேயே வழக்குப் போட்டதால். எங்கள் சிக்பேட்டையில் பத்துப் பேர் வேலை செய்கிற கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று தொழிலாளர் துறைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். கோடி கோடியாகச் செலவழிக்கிற படக்கம்பெனிக்குப் பொருந்துமா என்பதில் அவ்வளவு நாள் சந்தேகம் இருந்தது!

அப்படிப் புகார் சொன்னவர்களில் சிலருக்கு அதன்பின் வாய்ப்புகள் குறைந்துபோயின என்பது அவர்களே சொன்னது. இது புதுசு இல்லை. மாதவி கதை சிலம்போடு முடியவில்லை, மணிமேகலையில் தொடர்கிறது. கோவலன் போனபிறகு அவள் தொழிலை விட்டுவிடுகிறாள். இந்திர விழா வருகிறது. மாதவியும் மகளும் ஆட வரவில்லையே என்று ஊர் தூற்றுகிறது. தாய் சித்திராபதி, வசந்தமாலையைத் தூது அனுப்புகிறாள். தூதில் வருவது பாசம் இல்லை, ஊர் என்ன பேசுகிறது என்ற மிரட்டல். மாதவி வரமாட்டேன் என்கிறாள். என் மகளையும் அனுப்ப மாட்டேன் என்கிறாள். சித்திராபதி விடுகிறாளா? மணிமேகலையை எப்படியாவது பழைய தொழிலுக்கே இழுத்து வருகிறேன் என்று மற்ற நாடக மகளிர் முன்னால் சபதம் போட்டுவிட்டு, நேராக அரசகுமாரன் உதயகுமரனிடம் போகிறாள். அவன்தான் இந்தத் தடவை விலை கொடுக்கக்கூடியவன்.

அந்தச் சபதத்தின்போது சுற்றி நின்ற நாடக மகளிர் என்ன நினைத்தார்கள் என்று சாத்தனார் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் ஐந்து வயதில் பயிற்சி தொடங்கியவர்கள், மேடை ஏறியவர்கள், எந்த மாலை எந்தத் தெருவில் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தவர்கள். ஒருத்திகூட எதிர்த்து ஒன்றும் சொன்னதாக நூலில் இல்லை. மறுநாளும் அவர்களுக்கு ஆட்டம் இருந்தது.